ரூ.7,200-ல் மூணு நாள் சைக்கிள் பயணம்: குற்றாலம், வீரகேரளம்புதூர், மேக்கரை



வேலைக்குச் சேர்ந்து ரெண்டு, மூணு வருஷம் ஆன நிறைய பேர் கேக்குற கேள்வி இது: "சார், 45,000 ரூபாய்க்கு ஒரு நல்ல கியர் சைக்கிள் பாத்து வச்சிருக்கேன். லீவுல லாங் ரைடு போகணும்னு ஆசை. நோ காஸ்ட் இ.எம்.ஐ.-யும் இருக்கு. வாங்கலாமா?"

என் பதில்: முதல்ல ஒரு பயணம் போயிட்டு வாங்க. சைக்கிள் முடிவை அதுக்கப்புறம் எடுங்க. நண்பர்கிட்ட இரவல் வாங்குங்க, உங்க ஊர்ல வாடகைக்கு எடுங்க, இல்ல வீட்டுல தூசி படிஞ்சு நிக்குற பழைய சைக்கிளை சர்வீஸ் பண்ணுங்க. எதுல போனாலும் சரி.

"எங்க போறது?"ன்னு கேட்டா என்கிட்ட ரெடியா ஒரு ரூட் இருக்கு. தென்காசி மாவட்டம், எங்க ஊர்ப் பக்கம். அருவி, குளம், வயல், காடு நாலும் மூணு நாளுக்குள்ள வந்துடும். ஒரு நாளைக்கு 50 கிலோமீட்டருக்கு மேல போக வேண்டாம். ரூட்டையும் செலவையும் சேத்தே இந்தப் பதிவுல பாத்துடலாம்.

ஏன் இந்தப் பக்கம்?

தென்காசின்னா எல்லாருக்கும் குற்றாலம்தான் ஞாபகம் வரும். குற்றாலத்துக்கு வர்றவங்கள்ல பெரும்பாலானவங்க அருவில குளிச்சிட்டு, பிரானூர் பார்டர்ல பரோட்டா சாப்பிட்டுட்டு ஊர் திரும்பிடுவாங்க. அந்த அருவித் தண்ணி அதுக்கப்புறம் எங்க போகுதுன்னு பாக்குறவங்க கம்மி.

அது சிற்றாறா ஓடுது. குற்றால மலையில பிறந்து, தென்காசி வழியா கிழக்கே வந்து, கடைசியில சீவலப்பேரி கிட்ட தாமிரபரணியில சேருது. இன்னொரு பக்கம் மேக்கரை மலையிலிருந்து அனுமன்நதி இறங்குது. அடவிநயினார் அணை இந்த ஆத்துலதான் இருக்கு. ஆய்க்குடி, சாம்பவர்வடகரை வழியா ஓடி வந்து, வீரகேரளம்புதூர் பக்கத்துல சிற்றாத்தோட கலக்குது.

நம்ம ரூட் இதுதான். முதல் நாள் சிற்றாறு பிறக்குற மலையடிவாரம். ரெண்டாம் நாள் ரெண்டு ஆறும் சேர்ற வீரகேரளம்புதூர். மூணாம் நாள் அனுமன்நதி இறங்குற மேக்கரை. வழி முழுக்க இந்த ரெண்டு ஆத்துத் தண்ணியில நிறையுற குளங்கள்.

எப்போ போகணும்?

தேதியைப் பொறுத்து உங்க பட்ஜெட்டே மாறும். அதனால இதை முதல்ல முடிவு பண்ணுங்க.

ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் சாரல் சீசன். அருவியில தண்ணி இருக்கும், வெயில் தெரியாது. ஜூலை, ஆகஸ்ட்ல சுந்தரபாண்டியபுரம், சுரண்டை பக்கம் சூரியகாந்தி பூத்து நிக்கும். ஆனா வார இறுதியில ரூம் வாடகை எகிறிடும். கூட்டமும் அதிகம்.

நவம்பர் பாதியிலிருந்து ஜனவரி பாதி வரைக்கும் ஐயப்ப பக்தர்கள் வருகையால குற்றாலம் நிரம்பி வழியும்.

என் ஓட்டு ஜனவரி கடைசி, பிப்ரவரிக்குத்தான். வடகிழக்குப் பருவமழையில நிறைஞ்ச குளங்கள்ல தண்ணி இருக்கும், பறவைகள் இருக்கும், பிசான நெல் அறுப்பை நெருங்கி நிக்கும். அருவியில தண்ணி குறைவாத்தான் விழும். அதை மட்டும் மனசுல வச்சுக்கோங்க. ரூம் பேரம் பேசலாம்.

சீசன்ல போறவங்களுக்கு ஒரு விஷயம். இந்தப் பக்கம் காத்து மேற்குல செங்கோட்டைக் கணவாய் வழியா பாய்ஞ்சு வரும். சுரண்டை, ஆலங்குளம் பக்கமெல்லாம் காற்றாலை நிக்குறது சும்மா இல்ல. தென்காசியிலிருந்து கிழக்கே போகும்போது காத்து முதுகுல தள்ளும், "அட, 25 கிலோமீட்டர் இவ்ளோ ஈஸியா?"ன்னு தோணும். திரும்பி வரும்போதுதான் அதே காத்து மூஞ்சியில அடிக்கும். முதல் மாச இ.எம்.ஐ.-யும் பத்தாவது மாச இ.எம்.ஐ.-யும் மாதிரி. அதனால சீசன்ல விடியக்காலம் கிளம்பி, காத்து பலமாகுறதுக்கு முன்னாடி திரும்பிடுங்க.

முதல் நாள் (வெள்ளி): செங்கோட்டை – இலஞ்சி – குற்றாலம் – தென்காசி

சென்னையிலிருந்து வர்றவங்களுக்கு பொதிகை எக்ஸ்பிரஸ் வசதி. ராத்திரி ஏறினா காலையில செங்கோட்டை. சைக்கிளை பார்சல் ஆபீஸ்ல புக் பண்ணி லக்கேஜ் வேன்ல ஏத்தணும். டிக்கெட்டோட வர்ற இலவச லக்கேஜ் அளவுல சைக்கிள் சேராது; தனியா கட்டணம் உண்டு. புக்கிங் தென்காசிக்கு வேண்டாம், செங்கோட்டைக்கே போடுங்க. ரயில் அங்கதான் முடியுது, இறக்குறதுக்கு அவசரம் இருக்காது. வண்டி கிளம்புறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே ஸ்டேஷன் போயிடுங்க.

செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்–கொச்சியில இருந்த ஊர். மொழிவாரி மாநிலப் பிரிவினையிலதான் நம்ம பக்கம் வந்துச்சு. சங்கு முத்திரை போட்ட பழைய திருவிதாங்கூர் வளைவு இன்னும் நிக்குது. ஆஷ் துரையை 1911 ஜூன் 17-ல மணியாச்சியில சுட்ட வாஞ்சிநாதனுக்கும் சொந்த ஊர் இதுதான்.

ராத்திரி ரயில்ல வந்த உடம்பு. இன்னிக்கு 25 கிலோமீட்டர் போதும். இலஞ்சி வழியா குற்றாலம், அங்கிருந்து ஐந்தருவி, அப்புறம் தென்காசி. வெள்ளிக்கிழமைங்கிறதால சனி, ஞாயிறு கூட்டம் இருக்காது. ரெண்டு ராத்திரிக்கும் தென்காசியிலேயே ஒரே ரூம் போடுங்க. தினமும் ரூம் மாத்தினா செலவும் கூடும், எல்லா லக்கேஜையும் சைக்கிள்ல கட்டிக்கிட்டுத் திரியணும்.

அருவிக்கரையில ஒரே ஒரு விதி. குளிக்கத் தடைன்னு போர்டு வச்சா, கயிறு கட்டினா, எதிர்க்கேள்வி கேக்காதீங்க. 2024 மே 17 அன்னிக்கு பழைய குற்றாலத்துல திடீர்னு வந்த வெள்ளத்துல 17 வயசுப் பையன் ஒருத்தன் அடிச்சுட்டுப் போயி இறந்துட்டான். நாம நிக்குற இடத்துல வெயில் அடிக்கும். மேல மலையில மழை கொட்டிட்டு இருக்கும். செண்பகாதேவி, தேனருவி பக்கமெல்லாம் வனத்துறை கட்டுப்பாட்டுல இருக்கு. அங்க ஏறப் பாக்காதீங்க.

ரெண்டாம் நாள் (சனி): தென்காசி – சுரண்டை – வீரகேரளம்புதூர் – பாவூர்சத்திரம் – தென்காசி

இந்தப் பயணத்தோட உசுரே இந்த நாள்தான். சுமார் 50 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம். காலையில ஆறு மணிக்குள்ள கிளம்பிடுங்க.

சுந்தரபாண்டியபுரத்துல முதல் டீ. 'ரோஜா' படம் பாத்தவங்களுக்கு இந்த ஊர்ப் பேர் ஞாபகம் இருக்கும். அங்கிருந்து சுரண்டை. சுரண்டையைத் தாண்டி கொஞ்ச தூரத்துல வீரகேரளம்புதூர் வந்துடும். எங்க ஆளுங்க வாயில அது வீ.கே.புதூர்.

பாக்க சின்ன ஊர்தான், ஆனா தாலுகா தலைநகரம். ஊத்துமலை ஜமீனோட அரண்மனை இருந்தது இங்கதான். காவடிச்சிந்து பாடின அண்ணாமலை ரெட்டியாரை ஆதரிச்சவர் அந்த ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர். நவநீதகிருஷ்ணசாமி கோயிலைப் பாத்துட்டு ஆத்துப் பக்கம் போங்க. குற்றாலத்துல நேத்து பாத்த தண்ணியும் மேக்கரையில நாளைக்குப் பாக்கப் போற தண்ணியும் சேர்ற இடம் பக்கத்துலதான்.

போற வழியில, வர்ற வழியில குளங்களைப் பாருங்க. நின்னு பாருங்க. எங்க பக்கம் இது 'ஏரி' இல்ல, குளம். ஆத்துல குறுக்கே அணைக்கட்டு, அதுலேருந்து கால்வாய், கால்வாய் கொண்டு வர்ற தண்ணி குளத்துக்கு. குளத்துக்கு மூணு முக்கியமான உறுப்பு: தண்ணியைத் தாங்குற கரை, வயலுக்கு அளந்து விடுற மடை, நிறைஞ்சா மிச்சத்தை வெளிய விடுற மறுகால். மேல குளம் மறுகால் பாஞ்சா, அந்தத் தண்ணி கீழ குளத்துக்குப் போகும். இப்படி வரிசையா.

நம்ம தொழிலுக்கு வர்றேன். அருவி வருஷத்துல சில மாசம்தான் விழும். ஆனா கார், பிசானம்னு ரெண்டு போகம் விளைஞ்சது குளத்தை நம்பித்தான். சம்பளமும் அருவி மாதிரிதான், ஒண்ணாம் தேதி கொட்டும். உங்ககிட்ட கரை இருக்கா, மடை இருக்காங்கிறதுதான் கேள்வி. ஆறு மாசச் செலவுக்கான எமர்ஜென்சி ஃபண்ட் மேல குளம். அது நிறைஞ்சு மறுகால் பாயுற பணத்துலதான் சைக்கிள், பயணம் எல்லாம். மேல குளம் காஞ்சு கிடக்கும்போது கீழ குளத்துக்குத் தண்ணி கேட்டா கடன்காரன்தான் கொண்டு வருவான்.

பறவை பிடிக்குமா? மணிமுத்தாறுல இருக்குற அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் 2011-லேருந்து தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துது. ஜனவரியில தன்னார்வலர்கள் நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டக் குளங்களுக்குப் போயி எண்ணுவாங்க. உங்க தேதி பொருந்தினா அதுல சேந்துக்கலாம்.

திரும்புறப்ப கீழப்பாவூர் வழியா பாவூர்சத்திரம் வாங்க. பெரிய காய்கறிச் சந்தை உள்ள ஊர். அங்கிருந்து தென்காசிக்கு மெயின் ரோடு. பஸ், லாரி போக்குவரத்து அதிகம். மதியத்துக்குள்ள முடிச்சிடுங்க.

மூணாம் நாள் (ஞாயிறு): தென்காசி – ஆய்க்குடி – பண்பொழி – மேக்கரை – செங்கோட்டை

40-லேருந்து 45 கிலோமீட்டர். அனுமன்நதிக் கரையில ஆய்க்குடி முருகன் கோயில். தாண்டினா பண்பொழி; குன்று மேல திருமலைக்கோயில். 500-க்கும் மேல படி. மேல வரைக்கும் வண்டிப் பாதையும் இருக்கு. கால்ல வலு இருந்தா மிதிச்சுப் பாருங்க, இல்லன்னா சைக்கிளைப் பூட்டிட்டுப் படி ஏறுங்க. மேல நின்னா இத்தனை நேரம் வந்த வழி, குளம், வயல், தென்னந்தோப்பு எல்லாம் கீழ விரிஞ்சு கிடக்கும்.

அடுத்து மேக்கரை. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் தென்னையும் வயலும், எதிர்ல மலை. 132 அடி உயர அடவிநயினார் அணை இங்கதான். அதுக்கு மேல ரோடு காட்டுக்குள்ள புகுந்து கேரளாவுல அச்சன்கோவிலுக்குப் போகுது. நாம மேக்கரையோட திரும்பிடணும். யானை நடமாட்டம் உள்ள பகுதி, சைக்கிள்ல போற இடம் இல்ல. இந்த மலைப்பகுதியில பெரும்பங்கு 2015-ல அறிவிச்ச நெல்லை வனவிலங்கு சரணாலயத்துல வருது. மதியம் ரெண்டு மணிக்குள்ள மேக்கரையை விட்டுக் கிளம்பினா, செங்கோட்டையில சைக்கிளை புக் பண்ணிட்டு சாயங்கால ரயிலைப் பிடிச்சிடலாம்.

ஒரு எச்சரிக்கை. செங்கோட்டையிலிருந்து புளியரை வழியா கேரளா போற மெயின் ரோட்டுல கல், எம்-சாண்ட் லாரிகள் ஓடிக்கிட்டே இருக்கும். கணவாய் அழகா இருக்கும்னு சைக்கிளைத் திருப்பிடாதீங்க. அதைப் பாக்க செங்கோட்டை–புனலூர் ரயில் இருக்கு.

செலவுக் கணக்கு

சென்னையிலிருந்து வர்ற ஒருத்தருக்கு நான் ஒதுக்கச் சொல்ற தொகை:

- ரயில், ஸ்லீப்பர், போக வர: ரூ.1,000
- சைக்கிள் பார்சல், பேக்கிங், ஏத்து இறக்குக் கூலி: ரூ.1,000
- ரூம், ரெண்டு ராத்திரி: ரூ.2,000
- சாப்பாடு, டீ, இளநீர், மூணு நாள்: ரூ.1,500
- சர்வீஸ், டியூப், பேட்ச்: ரூ.700
- எதிர்பாராத செலவு: ரூ.1,000

மொத்தம் ரூ.7,200. ரெண்டு பேரா போனா ரூம் வாடகை பாதியாகும். சீசன்ல போனா ரூமுக்கு இன்னொரு 2,000 சேத்துக்கோங்க.

பிப்ரவரியில போகணும்னா ஆகஸ்ட்லேருந்து மாசம் 1,200 ரூபாய் ஆர்.டி. போடுங்க. ஆறு மாசத்துல பணம் ரெடி. கிரெடிட் கார்டு தேவையில்ல.

"எல்.டி.ஏ. கிளெய்ம் பண்ணலாமா சார்?" பழைய வரி முறையில இருக்குறவங்களுக்கு மட்டும்தான் அந்த விலக்கு. அதுலயும் பயணக் கட்டணத்துக்கு மட்டும். ரூம், சாப்பாட்டுக்குக் கிடையாது. நாலு வருஷ பிளாக்குல ரெண்டு பயணத்துக்குத்தான் அனுமதி. இப்போ நடக்குறது 2026–2029 பிளாக். 1,000 ரூபாய் ரயில் டிக்கெட்டுக்கு கிளெய்ம் பண்ணினா 20 சதவீத வரி ஸ்லாப்ல மிச்சம் 200 ரூபாய், கூட கொஞ்சம் செஸ். அதுக்காக ரெண்டு வாய்ப்புல ஒண்ணை வீணாக்காதீங்க. குடும்பத்தோட தூரமா போறப்ப பயன்படுத்துங்க.

இப்போ அந்த 45,000 ரூபாய் சைக்கிள்

கணக்குப் போடலாம். அஞ்சு வருஷம் வச்சிருக்கீங்க, கடைசியில 15,000-க்கு விக்கிறீங்க, வருஷத்துக்கு 2,000 பராமரிப்புன்னு வச்சுக்கோங்க. 30,000 தேய்மானம், 10,000 பராமரிப்பு. மொத்தம் 40,000. வருஷத்துக்கு 8,000 ரூபாய்.

வருஷத்துல நாலு நாள் மட்டும் ஓட்டினா, ஒரு நாளைக்கு 2,000 ரூபாய். நீங்க தங்குற ரூமைவிட சைக்கிள் காஸ்ட்லி. நூறு நாள் ஓட்டினா, ஒரு நாளைக்கு 80 ரூபாய். அப்போ தாராளமா வாங்கலாம். ஆக, விலையைப் பாக்குறதுக்கு முன்னாடி வருஷத்துல எத்தனை நாள் ஓட்டுவீங்கன்னு பாருங்க. அதை ஷோரூம்ல நின்னு சொல்ல முடியாது. ஓட்டிப் பாத்தவங்கதான் சொல்ல முடியும்.

நோ காஸ்ட் இ.எம்.ஐ. பத்தி: பேங்க் வட்டி போடத்தான் செய்யும். அந்த வட்டித் தொகையை விலையில தள்ளுபடியா காட்டுவாங்க. கார்டு இ.எம்.ஐ.-ல அந்த வட்டி மேல 18 சதவீத ஜி.எஸ்.டி. உங்க தலையில. பிராசஸிங் ஃபீஸும் பல இடத்துல தனி. 'நோ காஸ்ட்'னு பேர்தான். ஒரு நல்ல செய்தியும் உண்டு: 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12-லேருந்து 5 சதவீதமா குறைஞ்சிருக்கு. பழைய விலைப்பட்டியலை வச்சு யாராவது பேசினா கேளுங்க.

இன்னொண்ணு. இந்த ரூட்டுக்கு விலை கூடின சைக்கிள்தான் வேணும்னு இல்ல. குளத்துக்கரைப் பாதையில சீமைக்கருவேல முள் கிடக்கும். மெல்லிய ரேஸ் டயர் தாங்காது. பஞ்சர் ஆனா கிராமத்து சைக்கிள் கடையில சாதாரண வால்வுக்குத்தான் பம்பு இருக்கும், பிரெஸ்டா வால்வுக்கு இருக்காது. கொஞ்சம் அகலமான டயர், சாதாரண வால்வு உள்ள எளிமையான சைக்கிள் இங்க ராஜா. எதுல போனாலும் ரெண்டு டியூப், கைப்பம்பு, பேட்ச் கிட், ஹெல்மெட், பின்னாடி சிவப்பு லைட் கட்டாயம். ஆபீஸ் குரூப் இன்ஷூரன்ஸை மட்டும் நம்பாம, தனியா ஒரு பெர்சனல் ஆக்ஸிடென்ட் பாலிசியும் எடுத்து வச்சுக்கோங்க. கால் எலும்பு முறிஞ்சு ரெண்டு மாசம் வேலைக்குப் போக முடியாட்டி வர்ற நஷ்டத்துல ரெண்டு சைக்கிள் வாங்கிடலாம். பாலிசி எடுக்குறப்ப, தற்காலிகமா வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு வாராவாரம் பணம் தர்ற பிரிவு இருக்கான்னு பாத்து எடுங்க.

என்ன செய்யணும்?

1. எமர்ஜென்சி ஃபண்ட் நிலைமையைப் பாருங்க. ஆறு மாசச் செலவு இல்லன்னா சைக்கிள் ஐடியாவைத் தள்ளிப் போடுங்க. பயணத்தைத் தள்ளிப் போட வேண்டாம். 1,200 ரூபாய் ஆர்.டி. இன்னிக்கே தொடங்கலாம்.
2. இரவல் சைக்கிள்ல வாரக் கடைசியில 20, 30 கிலோமீட்டர் ஓட்டிப் பழகுங்க. ஓட்டின நாளையெல்லாம் காலண்டர்ல குறிச்சு வைங்க.
3. பயணம் போயிட்டு வாங்க.
4. திரும்பி வந்து மூணு மாசம் கழிச்சு காலண்டரை எண்ணுங்க. மூணு மாசத்துல 25 நாள் ஓட்டியிருந்தா, வருஷத்துக்கு நூறு நாள் ஓட்டுற ஆள் நீங்க. கையில சேத்த பணத்துல சைக்கிள் வாங்குங்க. அஞ்சு நாள்தான் குறிச்சிருந்தா, 45,000 ரூபாய் மிச்சம். அதுவும் லாபம்தான்.

செலவுக் கணக்கு ஷீட் வீடியோ டிஸ்கிரிப்ஷன்ல இருக்கு. சென்னைக்குப் பதிலா பெங்களூரு, கோவைன்னா ரயில் கட்டணத்தை மட்டும் மாத்திக்கோங்க. வீ.கே.புதூர் வந்தீங்கன்னா ஆத்துப் பாலத்துல அஞ்சு நிமிஷம் நின்னுட்டுப் போங்க. அடுத்த பதிவில் சந்திப்போம்.